சந்தேகம் அக்காவின் சுவெட்டர்

விக்னேஸ்வரி அக்காவை முகநூலில் 'பிளொக்' பண்ணிய நேரத்தில், தர்சினி அவள் கையால் போட்ட தேநீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தாள்.

சிட்னி, செவன் ஹில்ஸில் அக்காவின் வீட்டுக் குசினி. அக்கா அடுப்படியில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றாள். தர்சினி கதிரையில் இருந்தபடி கைபேசியை மேசைக்குக் கீழே பிடித்துக்கொண்டு, விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள். வேலை முடிந்தது. அக்கா திரும்பி, "இன்னும் ஒண்டு வைக்கட்டே?" என்றாள். தர்சினி "வையுங்கோ அக்கா" என்றாள். வைத்ததைச் சாப்பிட்டாள்.

தர்சினி பரமட்டாவில் மருந்துக் கடையில் பார்மசிஸ்ட். வீடு குவேக்கர்ஸ் ஹில்லில். பள்ளிக்கூடம் விட்டதும் மகள் ஹரிப்பிரியாவை விக்னேஸ்வரிதான் கூட்டி வந்து வைத்திருப்பாள். வேலை முடிந்து தர்சினி வரும்போது தேநீர் தயாராக இருக்கும். தேநீரோடு ஒரு கேள்வியும் இருக்கும்.

"தர்சினி, ஒரு விசர்க் கேள்வி கேக்கட்டே?"

பைத்தியக்காரக் கேள்வி என்று தானே சொல்லிவிட்டு, எப்போதும் இப்படித்தான் தொடங்குவாள். பிறகு ஒரு கண் வாசல் பக்கம் போகும், கணவர் சிறிதரன் வந்துவிட்டாரா என்று. அவர் முன்னால் அவள் எதையும் கேட்பதில்லை. கேட்டால் "உனக்கு உதெல்லாம் விளங்காது" என்று சிரிப்பார். தர்சினி படித்த பிள்ளை, சிரிக்க மாட்டாள். அக்கா அப்படித்தான் நம்பியிருந்தாள்.

கேள்விகளுக்கு ஒரு வரைமுறையே இல்லை. ரவுண்டபவுட்டில் யார் முதலில் போவது? ஜூலை மாதக் குளிரில் தயிர் ஏன் உறைய மாட்டேன் என்கிறது? வேலை செய்பவர்களுக்கு ஓய்வுகாலத்துக்கென்று, 'சூப்பர்' என்ற பெயரில் பிடிக்கும் காசு எங்கே போகிறது? ஒருநாள் யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, "இஞ்சத்தை நிலா ஏன் தலைகீழாய் நிக்குது?" என்றாள். இத்தனை வருடம் சிட்னியில் இருந்தும் தர்சினி நிலாவை அப்படிப் பார்த்ததே இல்லை. அன்று வீட்டுக்குப் போனதும் அதைத் தேடிப் படித்தாள். ஒரு தோடம்பழத்தை உருட்டி உருட்டிக் காட்டி மூன்று நிமிட வீடியோ எடுத்தாள். கணவன் அருந்தவன் ஐ.டி.க்காரன். அவன் வெட்டி ஒட்டிக் கொடுக்க, இருவருமாகப் பக்கம் ஒன்று தொடங்கினார்கள்: 'மூண்டு நிமிசப் பாடம்'. எந்தப் பாடமானாலும் தமிழில், மூன்றே நிமிடத்தில்.

அந்த முதல் வீடியோவைத் தன் கைபேசியில் பார்த்துவிட்டு, "வடிவா விளங்கப்படுத்திறாய் பிள்ளை" என்று முதலில் பாராட்டியதும் விக்னேஸ்வரிதான்.

ஆனால் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். சும்மா பாடம் சொன்னால் யார் கேட்பார்கள்? ஒருநாள் வேடிக்கைக்காகத் தர்சினி ஒரு சால்வையைப் போர்த்தி, மூக்குக்கண்ணாடியை நுனி மூக்கில் விட்டு, "ஒரு விசர்க் கேள்வி கேக்கட்டே?" என்று ஆரம்பித்தாள். தலையை ஒருபக்கம் சாய்த்தாள். வாசலை ஒருதரம் பார்த்தாள். பிறகு சால்வையைக் கழற்றிவிட்டு, தானே ரீச்சராகி விளக்கம் சொன்னாள். அருந்தவன் கமராவுக்குப் பின்னால் நின்று விழுந்து விழுந்து சிரித்தான். "ஆரப்பா இந்த மனுசி?" என்றான். "சந்தேகம் அக்கா" என்றாள் தர்சினி. வாயில் வந்த பெயர்.

அடுத்த நாளே சந்தேகம் அக்கா மெல்பர்ன், கன்பரா, லண்டன் என்று பறக்கத் தொடங்கிவிட்டாள். தேநீர்க் கோப்பையோடு அந்தக் குசினியில் இருந்துகொண்டு தர்சினி 'பிளொக்' தட்டியது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு பயம். யாராவது அனுப்பி அக்கா பார்த்துவிட்டால்? வட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் அவளை மறைத்தாள். ஹரிப்பிரியாவிடம், "அம்மான்ர வீடியோ ஒண்டையும் அன்ரிக்குக் காட்டக் கூடாது, அவ கூச்சப்படுவா" என்று சொல்லிவைத்தாள். இதில் இன்னுமொன்று நடந்தது, அது தர்சினிக்கே தெரியாமல் நடந்தது. அக்கா கேட்டால் அவள் இப்போது பதில் சொல்வதில்லை. "நல்ல கேள்வி அக்கா, பிறகு ஆறுதலாச் சொல்றன்" என்று எழும்பிவிடுவாள். அங்கேயே சொல்லிவிட்டால் வீடியோவுக்குச் சூடு இல்லாமல் போய்விடுமே. கேட்டவளுக்குப் பதில் இல்லை. கேட்காத ஊருக்கெல்லாம் பதில்.

மார்ச் மாதம் போல, விக்னேஸ்வரி ஒரு சின்ன அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அரசாங்கத்திலிருந்து தபாலில் வந்தது. உள்ளே சின்னச் சின்னக் குழாய்கள், குச்சிகள், பொலித்தீன் பைகள்.

"ஒரு விசர்க் கேள்வி கேக்கட்டே? நான் கேக்காம இதை ஏன் எனக்கு அனுப்பினவை? கோவிட்டுக்கு மாதிரி மூக்குக்குள்ள விடுறதோ?"

தர்சினிக்குத் தேநீர் புரையேறிவிட்டது. அது குடல் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே பிடிப்பதற்கு, ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அனுப்பும் மலப் பரிசோதனைப் பெட்டி. ஒரு பார்மசிஸ்ட் அதை விளக்க எவ்வளவு நேரம் எடுக்கும்?

"ஐயோ அக்கா, மூக்குக்குள்ள மட்டும் விட்டிடாதேங்கோ! பிறகு சொல்றன்" என்று மகளை இழுத்துக்கொண்டு காருக்கு ஓடினாள். சிவப்பு விளக்கில் நின்றபோதே வசனம் முழுக்க மனதில் வந்துவிட்டது. அந்த வாரம் சந்தேகம் அக்கா குச்சியை மூக்கருகே கொண்டுபோய்த் தும்மினாள். பக்கம் தொடங்கியதிலிருந்து அவ்வளவு பேர் எதையும் பார்த்ததில்லை.

விக்னேஸ்வரி பெட்டியைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. தர்சினியும் சொல்லவில்லை.

ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், செவன் ஹில்ஸ் மண்டபத்தில் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா. 'தமிழில் அறிவைப் பரப்பும்' தர்சினிக்குப் பொன்னாடை. அதற்கு முன்னால் பிள்ளைகளின் நாடகம், தலைப்பு 'சந்தேகம் அக்கா'. கமலினி ரீச்சர் பழக்கியது. அக்காவாக நடிப்பது வேறு யார், ஹரிப்பிரியாதான்.

தர்சினி பட்டுச்சேலையில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் கதிரையில் யாரோ வந்து பொத்தென்று இருந்தார்கள்.

"இடம் இருக்குதானே? அப்பாடா, என்ன குளிர்."

விக்னேஸ்வரி அக்கா.

"நீங்கள்... அக்கா, நீங்கள் எப்பிடி..."

"ஹரி கூப்பிட்டவள். அன்ரி வராட்டி நான் நடிக்க மாட்டன் எண்டு நிண்டவள். நீ ஒரு வார்த்தை சொல்லேல்லை பார், பொன்னாடையாமே!" அவள் தர்சினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமே?"

எழுந்து எங்காவது ஓடலாமா என்று தர்சினி வரிசையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். இரண்டு பக்கமும் முழங்கால்கள். விளக்கு அணைந்தது.

ஹரிப்பிரியா மேடைக்கு வந்தாள். அவள் போட்டிருந்தது தர்சினியின் சால்வை அல்ல. முழங்கால் வரை தொங்கும் மண்ணிற சுவெட்டர். மேலிருந்து இரண்டாவது பொத்தான் மட்டும் பெரிதாய், பச்சையாய், வேறெங்கோ இருந்து எடுத்துத் தைத்தது.

"உது என்ர சுவெட்டரெல்லே!" விக்னேஸ்வரி தர்சினியின் கையைக் குலுக்கினாள். "டிராமாவுக்கு வேணும் எண்டு கேட்டவள். வடிவாக் கிடக்கு என்ன?"

மேடையில் ஹரிப்பிரியா தலையை ஒருபக்கம் சாய்த்தாள். வாசலைத் திரும்பிப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். அவள் சொல்லுமுன்பே மண்டபத்துச் சிறுவர் பட்டாளம் முழுக்க ஒரே குரலில் கத்தியது:

"ஒரு விசர்க் கேள்வி கேக்கட்டே?"

கூரை இடிந்தது போல் சிரிப்பு. விக்னேஸ்வரியும் சிரித்தாள். "கள்ளி, என்னை மாதிரியே கதைக்கிறாள்!" நிலா வந்தது. தயிர் வந்தது. அக்காவின் சிரிப்பு கொஞ்சம் மெதுவானது. பிறகு ஹரிப்பிரியா ஒரு பெட்டியைத் திறந்து குச்சியை எடுத்தாள். "நான் கேக்காம இதை ஏன் எனக்கு அனுப்பினவை? மூக்குக்குள்ள விடுறதோ?" என்று தும்மினாள். முன்வரிசையில் ஒருவர் கதிரையில் அடித்து அடித்துச் சிரித்தார்.

தர்சினியின் கையின் மேல் இருந்த கை எடுபட்டது. வேகமாக எடுக்கவில்லை. சுடு பாத்திரம் என்று தெரியாமல் தொட்டவர் எடுப்பதுபோலவும் இல்லை. தன் பொருள் அல்லாத ஒன்றைத் திருப்பி வைப்பதுபோல எடுத்து, தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பொன்னாடையை யார் போர்த்தினார்கள், என்ன பேசினார்கள் என்று தர்சினிக்கு இன்றைக்கும் நினைவில்லை. மேடையிலிருந்து பார்த்தபோது விக்னேஸ்வரி இருந்த இடத்திலேயே இருந்து கைதட்டிக்கொண்டிருந்தாள். கண் மட்டும் மேடையில் இல்லை. கழுத்தில் ஒட்டிய அந்தச் சரிகைத் துணியைப் பிய்த்து எறிய வேண்டும் போல் தர்சினிக்கு அரித்தது.

விழா முடிந்ததும் தேநீர் மேசையருகே விக்னேஸ்வரியைப் பிடித்தாள்.

"அக்கா..."

"அந்தப் பெட்டி என்னத்துக்கெண்டு இண்டைக்கு விளங்கீற்றுது" என்றாள் விக்னேஸ்வரி. குரலில் கோபமே இல்லை. "உன்ர பிள்ளை மேடையில சொல்லித் தந்திட்டாள். நான் அரிசி வாளிக்குப் பின்னால வைச்சிருக்கிறன். நீ பிறகு சொல்றன் எண்டனியெல்லே."

"அக்கா, நான் வந்து..."

"எத்தினை பேர் பாத்தவை உதை?"

தர்சினி வாயைத் திறப்பதற்குள், ஒன்றுமறியாத அருந்தவன் வடைத் தட்டோடு நடுவில் புகுந்தான். "அந்தப் பெட்டி வீடியோவோ? இருபதினாயிரம் தாண்டீற்றுது அக்கா! நீங்கள் பாக்கேல்லையோ?"

"என்ர கண்ணில ஒண்டும் படேல்லை தம்பி."

"சீ, இஞ்ச தாங்கோ ஃபோனை." அவன் அவளுடைய கைபேசியை வாங்கித் தேடினான். வரவில்லை. எழுத்தை மாற்றித் தேடினான். வரவில்லை. "நெட் சரியில்லைப் போல..." என்று சொல்லிக்கொண்டு தன் கைபேசியில் தேடினான். முதலாவதாகவே வந்தது.

"தம்பி, ஒரு வி..." என்று தொடங்கிய விக்னேஸ்வரி பாதியில் நிறுத்தினாள். அந்த மிச்சச் சொல்லை அவள் விழுங்கியதைத் தர்சினி பார்த்தாள். "ஏன் என்ர ஃபோனில மட்டும் வருகுதில்லை?"

ஒரு பக்கம் ஒரே ஒருவருக்கு மட்டும் ஏன் தெரியாது என்பது அருந்தவனுக்கு விளங்காத விஷயமா? அவன் இரண்டு கைபேசிகளையும் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவன் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

"நெட்தான் அக்கா" என்றான் மறுபடியும், தரையைப் பார்த்துக்கொண்டு. "இந்த ஹோலுக்குள்ள நெட் சரியில்லை."

விக்னேஸ்வரி கைபேசியை வாங்கிப் பையில் வைத்தாள். "சரி, பஸ் வந்திடும். போட்டு வாறன்." காரில் கொண்டுபோய் விடுவதாக யாரும் சொல்லத் துணியவில்லை.

வீடு திரும்பும் வழியில் அருந்தவன் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினான். "நீர் அதை ஏன் செய்தனீர்?"

தர்சினி பின்னால் திரும்பி மகளிடம் பாய்ந்தாள். "உன்னட்ட என்ன சொன்னனான்?"

"யூ ஸெட் வீடியோ காட்டக் கூடாதெண்டு" என்றாள் ஹரிப்பிரியா, அந்தச் சுவெட்டருக்குள் சுருண்டுகொண்டு. "சுவெட்டரைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே. அது அன்ரிதானேம்மா? எல்லாருக்கும் அன்ரியைப் பிடிக்கும் எண்டுதானே நீங்கள் செய்யிறீங்கள்?"

தர்சினி முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் 'பிளொக்'கை எடுத்தாள். போட்டதைப் போலவே, எடுக்கவும் இரண்டு தட்டுத்தான்.

திங்கட்கிழமை அவள் போனபோது ஹரிப்பிரியா சப்பாத்து மாட்டி, பையோடு வாசலிலேயே நின்றாள். விக்னேஸ்வரி பின்வளவில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். "ஓம், போட்டு வாங்கோ" என்று அங்கிருந்தே சொன்னாள். செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். தேநீரும் இல்லை, கேள்வியும் இல்லை. ஹரிக்குச் சரியாகச் சாப்பிடக் கொடுத்து, தலை பின்னி, வீட்டுப்பாடம் செய்வித்து அனுப்பியிருந்தாள். எந்தக் குறையும் இல்லை. தோய்த்து மடித்த சுவெட்டர் காரின் பின் இருக்கையில் பையோடு கிடந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுக்கத் தர்சினிக்கு இரண்டு நாளும் முகம் வரவில்லை.

புதன்கிழமை மத்தியானம், மருந்துக் கடையில் ஒரு கிழவருக்கு இரத்த அழுத்த மாத்திரையை எப்படிப் போடுவது என்று பொறுமையாக இரண்டாம் தடவை சொல்லிக்கொண்டிருந்தபோது, அங்கியின் பைக்குள் கைபேசி அதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி. பிறகு மறுபடி. கிழவரை அனுப்பிவிட்டு எடுத்துப் பார்த்தாள்.

விக்னேஸ்வரி சிறிதரன் உங்கள் வீடியோவை விரும்பியிருக்கிறார்.

முதல் வீடியோவிலிருந்து தொடங்கியிருந்தாள். நிலா, ரவுண்டபவுட், தயிர், சூப்பர் என்று ஒழுங்காக, ஒன்றைக்கூட விடாமல், ஒவ்வொன்றுக்கும் ஒரு 'லைக்'. வீடியோ ஓடி முடியும் நேரத்துக்கு ஒன்றாக வந்துகொண்டிருந்தது. அக்கா முழுதாகப் பார்க்கிறாள். தன் தலைச் சாய்வை, தன் வாசல் பார்வையை, தன் குரலை, ஒவ்வொன்றாக. அவள் திட்டி எழுதியிருந்தால் தர்சினி எங்காவது போய் அழுதிருப்பாள். இந்த 'லைக்'குகளுக்கு என்ன செய்வது?

பெட்டி வீடியோவுக்கு 'லைக்' வரவில்லை. கீழே ஒரு கருத்து வந்தது.

"முதல் நாள் எடுத்ததை மற்ற நாள் எடுக்கும் மட்டும் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லிப் பெட்டியில் படம் போட்டிருக்கு. சாமிக்கு வைக்கிற பால் இருக்கிற ஃப்ரிட்ஜில் எப்படி வைக்கிறது? வீடியோவில் அது சொல்லவில்லை."

தர்சினிக்குக் காது சூடேறியது. ஃப்ரிட்ஜில் எப்படி வைப்பது என்ற வரியையும் வீடியோவுக்கென்று அவள் எழுதியிருந்தாள். மூன்று நிமிடத்துக்கு மேல் போகிறது என்று அதைத்தான் வெட்டினாள். தும்மலை வெட்ட மனம் வரவில்லை.

கீழே பதில்கள் குவிந்தன. ஒருவர் "சந்தேகம் அக்கா நேரில வந்திட்டா!" என்று எழுதினார். கமலினி ரீச்சர், "தர்சினி, சூப்பர் ஐடியா! கரக்டருக்கே ஒரு எக்கவுண்ட் திறந்திட்டீரே!" என்று எழுதினாள். எல்லாருக்கும் சிரிப்பு. நடுவில் மெல்பர்னிலிருந்து தனேஸ்வரி என்ற ஒருத்தி: "ஏன் சிரிக்கிறீங்கள்? நானும் இந்த ஃப்ரிட்ஜ் பிரச்சினையாலதான் பெட்டியைக் குப்பையில போட்டனான்."

அன்று தர்சினி வேலையிலிருந்து வழக்கத்தைவிட நேரத்துக்கே புறப்பட்டாள். சுவெட்டர்ப் பையை எடுத்துக்கொண்டு, வாசலில் நின்ற மகளைக் கடந்து, கேட்காமலே குசினிக்குள் போனாள். விக்னேஸ்வரி மேசையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தக் குழாய் இறுக்கி மூடுறது. வெளியில ஒண்டும் வராது. அதை அவை தந்த பைக்குள்ள போட்டு, அந்தப் பையை மூடியுள்ள ஒரு டப்பாவுக்குள்ள வைச்சு, கீழ்த் தட்டில வையுங்கோ. ஃப்ரீசருக்குள்ள வைக்கக் கூடாது. ரெண்டாவதையும் எடுத்த உடனே ரெண்டையும் தபாலில போட்டால் சரி. பெட்டியில திகதி பாருங்கோ, கடந்திருந்தா வேற ஒண்டு எடுத்துத் தாறன்." மூச்சு வாங்கியது. "இதை மார்ச் மாதம் இந்தக் கதிரையில இருந்து சொல்லியிருக்க வேணும்."

"ம்." விக்னேஸ்வரி வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "திகதி இருக்கு. பாத்தனான்."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. எல்லா வீடியோவையும் அழிச்சுப் போடுறன்."

"ஏன் அழிக்கிறாய்? நிலா வீடியோ வடிவாத்தானே இருக்கு." கத்தியைக் கீழே வைத்தாள். "இவர் வீட்டில சிரிக்கிறவர் எண்டுதான் நான் உன்னட்டக் கேட்டனான், தர்சினி. நீ சிரிக்கேல்லை. சிரிக்காமக் கொண்டுபோய் ஊரைச் சிரிக்க வைச்சனி. அதுதான் எனக்கு..." முடிக்காமல் விட்டாள். வெங்காயம் உரித்த கையால் கண்ணைத் துடைக்க முடியாமல் முழங்கையால் துடைத்தாள்.

தர்சினி பையை நீட்டினாள். விக்னேஸ்வரி கையைக் கழுவிவிட்டு வந்து சுவெட்டரை விரித்துப் பார்த்தாள். பச்சைப் பொத்தானை இழுத்துப் பார்த்தாள். அது இருந்தது. மாட்டிக்கொண்டாள்.

"மெல்பர்ன் பிள்ளை ஒண்டு கேட்டிருக்கெல்லே. அவளுக்குச் சொல்லு" என்றாள். "சால்வை போடாமச் சொல்லு."

கேத்தலில் தண்ணீர் கொதித்துத் தானாக நின்றது. விக்னேஸ்வரி தட்டிலிருந்து ஒரு கோப்பையை எடுத்தாள். தர்சினியின் கண் அவளை மீறி அந்தத் தட்டுக்குப் போனது. அக்காவின் கை இரண்டாவதுக்குப் போகவில்லை.

"போட்டு வாறன் அக்கா."

"ஓம்."

காரில் ஏறியும் தர்சினி சாவியைத் திருப்பவில்லை. பின் இருக்கையில் ஹரிப்பிரியா பெல்ட்டைப் பூட்டிக்கொண்டாள். தர்சினி கைபேசியை எடுத்து, மெல்பர்ன் பெண்ணுக்கு விவரமாகப் பதில் எழுதினாள். அதன் கீழே இன்னொன்று எழுதினாள். "இது நான் திறந்த எக்கவுண்ட் இல்லை. விக்னேஸ்வரி அக்கா உண்மையான ஆள். இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகள் பெரும்பாலும் அவவுடையவை. அவவிடம் கேட்காமல் எடுத்து, அவவை மாதிரி நடித்துச் சிரிக்க வைத்தேன். அவவுக்குத் தெரியாமல் இருக்க அவவை பிளொக் செய்தேன்."

அந்தக் கடைசி வரியை இரண்டு தரம் அழித்தாள். இரண்டு தரமும் திரும்ப எழுதினாள். கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாள்.

உடனே ஒரு பதில் வந்தது. கமலினி ரீச்சர். கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் மூன்று. "ஐயோ தர்சினி, என்னமா நடிக்கிறீர்!"

தர்சினி அந்த முகங்களைப் பார்த்தபடி இருந்தாள். குசினி யன்னலில் மண்ணிற சுவெட்டர் ஒருதரம் கடந்து போனது. பிறகு தர்சினி மறுபடியும் எழுதத் தொடங்கினாள், இந்தத் தடவை பகிடி என்று ஒருவரும் நினைக்க முடியாதபடி.